பதில் சொல்லாமல் விடாத ராத்தா

நான் ஓடத் தொடங்கிய முதல் நாளே ஊரில் ஒரு மௌத்து விழுந்துவிட்டது. உண்மையில் யாரும் இறக்கவில்லை. நான் ஓடி வருவதைக் கண்ட அப்பக்கடை ராத்தா, பிடித்த அகப்பையோடு எழுந்து நின்று, மௌத்துச் செய்திக்குச் சொல்ல வேண்டிய "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்பதை முழுதாகச் சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் "ஆரு தம்பி?" என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நாட்டில் சண்டை முடிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போதைய கற்பிட்டியில் ஒரு மனிதன் காலையில் வீதியால் ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். காரணமில்லாமல் ஓடியவர்கள், களப்புத் தண்ணீரில் பட்டம் பிடித்து மிதக்க வந்த வெள்ளைக்காரர்கள் மட்டுந்தான். நான் நாற்பத்தாறு வயது அரசாங்கக் கிளாக்கர். வயிறு முன்னால் போக, நான் பின்னால் போவேன்.

"ஒருத்தரும் இல்ல ராத்தா. எனக்கு ரத்தத்துல சீனி வருத்தம். டொக்டர் ஓடச் சொன்னாரு."

"அப்ப நான் சொன்னது?"

"வீணாப் போச்சு."

"அது எப்பிடி வீணாப் போகும்? இந்நேரம் எங்கயாவது ஆராவது மௌத்தாகித்தான் இரிப்பாங்க. அவங்களுக்குப் போய்ச் சேரும்." அவர் உட்கார்ந்து அடுத்த அப்பத்துக்கு மா ஊற்றினார்.

ராத்தா என்றால் அக்கா; அவருக்கென்று ஒரு பேரும் இருந்தது. வாக்காளர் பட்டியலில் என் கையாலேயே அதை எழுதியிருக்கிறேன். ஆனால் ஊரில் ஒருவரும் கூப்பிடாத பேரை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது? ஐம்பது தாண்டியவர், பிள்ளைகள் இல்லை. மாப்பிள்ளைக்கு, அதாவது புருஷனுக்கு, பாலாவி உப்பளத்தில் வேலை, கிழமைக்கு ஒருதரம் வந்து போவார். வீட்டு முன்பக்கம் தகரம் இறக்கிய சாய்ப்புக்குள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அடுப்பு மூட்டிவிடுவார். எங்கள் ஊர்க் காற்று அடுப்பைத் தின்றுவிடும் என்பதால் வீதிக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்காருவார். வருகிறவர்கள் பக்கவாட்டால் சுற்றிப் போய் வாங்க வேண்டும். ஆகவே அவருக்கு உலகம் கண்ணால் வருவதைவிடக் காதால்தான் கூடுதலாக வந்தது. காதால் வந்த எதையும் அவர் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் குர்ஆன் ஓதப் பள்ளியிலேயே சொல்லித் தருவதுதான். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் கூடச் சொல்ல வேண்டும். தும்மியவருக்கு துஆக் கேட்க வேண்டும். சேவல் மலக்கை, அதாவது வானவரை, கண்டு கூவுகிறது, அப்போது அல்லாஹ்விடம் நல்லதைக் கேள். கழுதை ஷைத்தானைக் கண்டு கத்துகிறது, அப்போது பாதுகாப்புத் தேடு. எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் முழுதாகச் செய்வதில்லை. அதுவும் எங்கள் ஊரில் செய்ய முடியாது. கற்பிட்டியில் மனிதர்களுக்குச் சமமாகக் கழுதைகள் திரிகின்றன. விடியும் நேரத்தில் ஒன்று தொடங்கினால் மற்றவை எல்லாம் சேர்ந்துகொள்ளும். ராத்தா ஒவ்வொன்றுக்கும் அகப்பையை வைத்துவிட்டு, "அஊது பில்லாஹி" என்று தொடங்கி முடித்துவிட்டுத்தான் மீண்டும் எடுப்பார். சில காலைகளில் மூன்று அப்பம் சுடுவதற்குள் ஏழு தரம் பாதுகாப்புத் தேடிவிடுவார். சட்டியில் இருப்பது கருகும்.

"ராத்தா, நம்மட ஊர்க் கழுதை பசிச்சாலும் கத்தும்" என்று நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"பசிக்குத்தான் கத்தினதெண்டு அது ஒங்களுக்குச் சொன்னதா?"

நான் தொழாதவன் அல்ல. ஆனால் வெள்ளிக்கிழமைக்காரன். மார்க்கம் என்பது எனக்குக் காரியாலயத்துப் படிவம் மாதிரி, நிரப்ப வேண்டிய இடத்தை நிரப்பிவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்த மனுஷி அப்படி இல்லை என்பது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. பக்தி என்றும் சொல்ல முடியவில்லை, பைத்தியம் என்றும் சொல்ல முடியவில்லை. ஓட்டம் முடிந்து திரும்பும்போது ஐந்து நிமிஷம் அங்கே நின்று அவரைப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. சீனிக்காரன் அப்பக்கடையில் நிற்பதற்கு இது ஒரு நல்ல சாட்டாகவும் இருந்தது.

கட்டாரிலிருந்து லீவில் வந்த ஒரு பொடியனின் போனில் பாங்கு சொல்லும் வசதி இருந்தது. நேரத்தை அவன் மாற்றவில்லை. எங்களுக்கு ஆறரை மணிக்கு, கட்டாரின் சுபஹுப் பாங்கு அவன் சட்டைப் பைக்குள்ளிருந்து எழும்பியது. வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ராத்தா அகப்பையை வைத்துவிட்டார். கடைசி வரி வரைக்கும் கூடவே சொன்னார்.

"ராத்தா, அது கட்டாருக்குச் சொன்ன பாங்கு."

"கட்டாருக்குச் சொன்னாலும் என்ட காதுக்குத்தானே வந்த?"

அவரிடம் அப்பம் வாங்கியவர்களில் வேதக்காரரான கிறிஸ்தவ மீன்காரர் ஒருவரும் இருந்தார். அவர் தும்மினால், "அல்லா ஒங்களுக்கு நல்ல சொகத்தத் தரட்டும்" என்பார் ராத்தா. அவர்களுடைய கோயில் மணி அடித்தால் என்ன செய்வார் என்பது என் நெடுநாள் சந்தேகம். கேட்டேவிட்டேன்.

"அதுக்கு அவங்கட ஆக்கள் பதில் சொல்லுவாங்க தம்பி. நான் மணி ஓயுமட்டும் அடுப்ப ஊத மாட்டேன். அவ்வளவுதான்."

முதலில் ஒரு கழுதைதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் காலை, கடைக்குப் பத்தடி தள்ளி நின்று தொண்டை கிழியக் கத்தியது. ராத்தா அசையவில்லை. மாவை ஊற்றினார், சட்டியைச் சுழற்றினார், மூடினார். நான் கேலியாக, "என்ன ராத்தா, ஷைத்தானோட சமாதானமா?" என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. பக்கத்தால் போய் எட்டிப் பார்த்தேன். என்னைக் கண்டதும் உடனே "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றார். நான் சலாமே சொல்லியிருக்கவில்லை.

அப்போதுதான் விளங்கியது. சில மாதங்களாகவே அவர் இப்படித்தான் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு அப்பத்துக்கும் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார், யார் நின்றாலும் சலாத்துக்குப் பதில் சொல்லிவிடுவார். சொல்லியவர்களுக்கும் பதில், சொல்லாதவர்களுக்கும் பதில். சொல்லாமல் வந்து நின்றவர்கள் தங்களைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து வெட்கப்பட்டு, மறுநாளிலிருந்து சொல்லத் தொடங்கினார்கள். அந்த மீன்காரருக்கும் இரண்டு தரம் பதில் கிடைத்தது. அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

வரிசை கலைந்த பிறகு ராத்தாவின் முகத்துக்கு முன்னால் குந்தி, காதுக்கு என்னவென்று மெல்லக் கேட்டேன். அவர் என் உதட்டையே பார்த்தார். பிறகு சுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"புத்தளம் ஆஸ்பத்திரில காட்டினேன். நரம்பு செத்துப் போச்சாம். மெசின் ஒண்டு தந்தாங்க. போட்டா அடுப்பு இரையிறது கடல் இரையிற மாதிரித் தலைக்குள்ள கேக்குது, மனுசர்ட சத்தம் ஒண்டும் கேக்குதில்ல. கழட்டி அலுமாரிக்குள்ள வெச்சிட்டேன்."

"ஊருக்குச் சொன்னா கொஞ்சம் பலமாக் கதைப்பாங்கதானே?"

"சொல்லிடாதீங்க தம்பி! அல்லாக்காகச் சொல்லிடாதீங்க." என் கையைப் பிடிக்க வந்து, அந்நிய ஆண் என்பது நினைவு வந்து, கையை இழுத்துக்கொண்டார். "செவிடி எண்டு தெரிஞ்சா எனக்குச் சலாம் சொல்றத உட்டுடுவாங்க. அவளுக்குத்தான் கேக்காதேண்டு பேசாமப் போயிடுவாங்க. பொறகு நான் ஆருக்குப் பதில் சொல்ற?"

காது போன கவலையைவிட இது அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அதற்கு மேல் அவர் ஒரு வேலையும் தந்தார். நான்தான் தினமும் விடியற்காலையில் ஊரைச் சுற்றி ஓடுகிறேனே, சேவல் கூவியதா, கழுதை கத்தியதா என்று திரும்பி வரும்போது சொன்னால் போதுமாம். அவர் ஒரேயடியாக ஓதிக்கொள்வாராம். "நேரம் கொஞ்சம் பிந்தும். அல்லா என்ட காதப் பாத்துட்டுத்தானே இரிக்கான்" என்றார்.

இங்கே என் வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும். நான் ஓடும்போது இரண்டு காதிலும் இயர்போன் இருக்கும். போனில் வானொலிப் பாட்டு ஓடும். பாட்டில்லாமல் என் வயிற்றை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போக முடியாது. சேவலும் தெரியாது, கழுதையும் தெரியாது. களத்துக்குப் போகாமலே கள அறிக்கை எழுதிப் பழகிய கை அல்லவா! "சேவல் மூணு, கழுதை ரெண்டு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மறுநாள் "சேவல் ரெண்டு, கழுதை நாலு." ஒரே எண்ணைச் சொன்னால் சந்தேகம் வரும் என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். அவர் கண்ணை மூடி, எண்ணி எண்ணி ஓதினார். கூவாத சேவல்களுக்காக எத்தனை நாள் அந்த மனுஷி கையேந்தினாரோ தெரியாது. யாருக்கும் நட்டமில்லாத பொய் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்தாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தார். அவரைப் பற்றி மட்டும் ராத்தா கதைக்க மாட்டார். எனக்குச் சொன்னவர், கடைக்கு அரிசிமா இடித்துக் கொடுக்கும் அடுத்த வீட்டுப் பெண். தங்கச்சி குவைத்தில் வீட்டு வேலை செய்த காலத்தில் அவர்களுடைய உம்மா மௌத்தாகியிருக்கிறார். ராத்தா அதைப் பன்னிரண்டு நாள் மறைத்துவிட்டார். தங்கச்சி அங்கிருந்து போன் எடுக்கும்போதெல்லாம், "உம்மா நல்லா இரிக்காங்க, இப்பத்தான் கண்ணசந்தாங்க" என்றே சொன்னாராம். ஊரான் வீட்டுக் குசினிக்குள் தனியே நின்று அழுவாளே என்பது ராத்தாவின் எண்ணம். கடைசியில் அங்கே வேலைக்குப் போன இன்னொரு கற்பிட்டிக்காரியின் வாயால் அது தெரியவந்தது. தங்கச்சி திரும்பி வந்து கனமூலை என்ற ஊரில் மாப்பிள்ளையோடு இருந்துவிட்டார். ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை.

அந்த மாதம் தங்கச்சி எங்கள் பக்கம் வந்திருந்தார். அவருடைய மகளைக் கட்டிக் கொடுத்தது எங்கள் ஊர் வெங்காயத் தோட்டங்களுக்கு அப்பால். மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பிரசவத்து நாற்பது நாள் கழியும்வரை கூட நின்று பார்க்க வந்திருந்தார். ராத்தா இதைத் தெரிந்துவைத்திருந்தார் என்பது, அந்த நாட்களில் அவர் வழமையைவிட அதிகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டம் முடிந்து வந்து, கடைப்பக்கத்துத் தூணில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். காதில் பாட்டு. வேறு ஆள் இல்லை. கறுப்பு அபாயா போட்டு முகம் மூடிய ஒரு பெண் வீதியோரம் வந்து ராத்தாவின் முதுகுக்குப் பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். ராத்தா அப்போது சட்டியின் மூடியில் தணல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் திரும்பிப் போய்விட்டார். ராத்தா நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஆராவது வந்த மாதிரி இரிந்திச்சே?" என்று கேட்டார். இயர்போனைக் கழற்றப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. உதட்டை வாசித்து விளங்கிக்கொண்டு, வந்தவர்தான் போய்விட்டாரே என்று, "ஒருத்தரும் இல்ல ராத்தா" என்றேன்.

ஒன்பது நாள் போயிற்று. ஒரு ஞாயிறு காலை, நான் வழமைபோல் என் பொய்க் கணக்கைச் சொல்ல வந்து நின்றபோது, மா இடிக்கிற பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ராத்தாவின் முகத்துக்கு நேரே நின்று கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கட தங்கச்சிட மகளுக்கு நாப்பது முடிஞ்சி. தங்கச்சி ஏழு மணிக்கு வேன்ல கனமூலைக்குப் போறா. இனி இந்தப் பக்கமே வர மாட்டேண்டு சொல்லிட்டுத்தான் போறா. நானே தேடிப் போய்ச் சலாம் சொன்னேன், முதுகக் காட்டிட்டு இரிந்தாண்டு வீடு வீடாச் சொல்றா. இது சரியா ராத்தா? சலாத்துக்குப் பதில் சொல்லாம உடலாமா?"

ராத்தா அகப்பையைக் கீழே வைத்தார். "எப்ப சொன்னாளாம்?"

"போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. விடிய."

ராத்தாவின் கண் மெதுவாக என்னிடம் வந்தது. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். கோபம் இல்லை, சந்தேகம் மட்டுந்தான் இருந்தது.

"தம்பி, அந்த வெள்ளிக்கிழமை நீங்க நிண்டீங்க."

"ஒரு பொம்பள வந்தா ராத்தா. வந்து நிண்டுட்டுப் போனா. சலாம் சொன்னது எனக்குக் கேக்கல்ல." இயர்போனைக் கையில் எடுத்துக் காட்டினேன். "என்ட காதுல பாட்டு. எல்லா நாளும் பாட்டுத்தான். சேவல், கழுதை ஒண்டும் நான் கேட்டதில்ல. சும்மா சொன்னது."

மா இடிக்கிற பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராத்தாவுக்கு எல்லாம் விளங்கியது. அவர் முகம் சுருங்கிப்போனது. வாழ்க்கையில் ஒரு கழுதையின் சத்தத்தையும் மதித்த மனுஷி, ஏழு வருஷம் காத்திருந்த ஒரு சலாத்தைத் தவறவிட்டுவிட்டார். அதற்கு நானும் என் பாட்டும் காரணம். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. "இன்னும் கொஞ்சம் ஓட ஏலுமா?" என்று கேட்டார்.

"ஏலும்."

"அவள்ட சலாத்துக்குப் பதில் சொல்ற நேரம் போயிட்டு. அதக் கொண்டு போகாதீங்க. நான் அவளுக்குச் சலாம் சொன்னேண்டு சொல்லுங்க. புதுச் சலாம். சலாம் வந்து சேந்தா அவ பதில் சொல்லித்தான் ஆகணும், என்னோட கோவமெண்டாலும் சொல்லத்தான் வேணும். இது ஒங்கள்ட்ட ஒப்படைச்ச அமானிதம் தம்பி. கொண்டு போய்க் குடுக்காட்டி அல்லாட்ட கேள்வி ஒங்களுக்கு."

என் மோட்டார் சைக்கிள் வீட்டில் இருந்தது, வீடோ எதிர்ப்பக்கம். அதைப் பற்றி யோசிப்பதற்குள் கால் வீதியில் இறங்கிவிட்டது. நான் தினமும் ஓடித் திரும்புகிற தண்ணீர்த் தாங்கி இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல். தங்கச்சியின் மகள் வீடு அதையும் தாண்டி ஒரு கட்டை. நேரம் ஆறு இருபது. ஓடினேன்.

அந்தப் பாதையில் நான் ஒரு வருஷமாக ஓடியிருக்கிறேன். ஆனால் இயர்போன் இல்லாமல் அன்றுதான் அதைக் கேட்டேன். கருவாட்டு வாடிகளுக்குப் பின்னால் சேவல்கள் கூவின. நான் சொன்ன மூன்றே மிகையென்று நினைத்திருந்தேன், உண்மையில் எண்ண முடியாத அளவு கூவின. கழுதை ஒன்று கத்த, என் வாய் என்னைக் கேட்காமலே "அஊது பில்லாஹி" என்றது. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. வீட்டு வாசலில் நின்றவர்கள், வலை தோளில் போட்டுப் போனவர்கள், பாண் வாங்கப் போனவர்கள், ஒவ்வொருவரும் எனக்குச் சலாம் சொன்னார்கள். ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஊர் மாறிவிட்டது, யாரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்று நான் வீட்டில் குறைப்பட்டுக்கொண்டதை நினைத்தேன். மூச்சு வாங்க வாங்க, ஒருவரையும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

தண்ணீர்த் தாங்கியில் வழமைபோல் கால் திரும்பப் பார்த்தது. விடவில்லை. எதிரே வந்த ஒவ்வொரு வேனும் தங்கச்சியுடைய வேன்தானோ என்று எட்டிப் பார்த்தேன். கையில் ஒரு பொருளும் இல்லை. ஆனாலும் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் மாதிரிக் கவனமாக ஓடினேன். வாய்க்குள், "சலாம் சொன்னாங்க, சலாம் சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டேன். ஒரு சலாம் அவ்வளவு பாரமானது என்று எனக்கு நாற்பத்தேழு வயது வரைக்கும் தெரியாது.

வேன் முற்றத்தில் நின்றது. மருமகன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். தங்கச்சி அபாயாவோடு, முகத்தை மூடி, புறப்பட ஆயத்தமாக நின்றார். வியர்வை ஒழுக ஓடி வந்த அந்நிய மனிதனைக் கண்டு மருமகன் முன்னால் வந்தார். நான் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னேன்:

"ஒங்கட ராத்தா... ஒங்களுக்குச் சலாம் சொன்னாங்க."

துணிக்கு உள்ளே இருந்து சூடாக வந்தது குரல். "நான் போய்ச் சொல்லி ஒம்பது நாளைக்குப் பொறகா?"

"அவங்களுக்குக் காது கேக்காது. நீங்க சொன்னது அவங்களுக்குக் கேக்கல்ல."

"ராத்தாக்கா? எப்ப இரிந்து?"

"கொஞ்ச மாசமா. ஆருக்கும் சொல்லல்ல. தெரிஞ்சா சலாம் சொல்ல மாட்டாங்கண்டு மறைச்சிட்டாங்க."

அவர் அப்படியே வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார். "இதயும் எனக்குச் சொல்லல்ல" என்றார். "இதயும் சொல்லல்ல, இதயும் சொல்லல்ல" என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார். கோபத்தில் சொல்கிறாரா, அழுகிறாரா என்று கண்ணை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். மருமகன் நேரத்தைப் பார்த்தார்.

பிறகு அவர் எழும்பினார். சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார்: "வஅலைக்க வஅலைஹஸ்ஸலாம்."

ஒருவர் தந்துவிட்ட சலாத்தை இன்னொருவர் கொண்டுவந்து சேர்த்தால், பதில் அப்படித்தான் சொல்ல வேண்டும். 'உங்கள் மீதும், அவர் மீதும் சாந்தி உண்டாகட்டும்.' சின்ன வயதில் ஓதப் பள்ளியில் பாடமாக்கியதுதான். ஆனால் என் வாழ்நாளில் யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை, ஏனென்றால் நான் யாருடைய சலாத்தையும் சுமந்து போனதில்லை. கொண்டு வந்தவனுக்குத்தான் முதலில். அனுப்பியவருக்குப் பிறகுதான். காதை அடைத்துக்கொண்டு நின்று ஒரு சலாத்தைக் கொன்றவன் நான், சேவல் கழுதையில்கூடப் பொய் சொன்னவன். அந்தப் பதிலில் முதல் இடத்தில் என்னை வைத்திருந்தார்கள். ஓடி ஓடி மரத்த காலோடு ஒரு வெங்காயக்காரர் முற்றத்தில் நின்று நான் அழுதேன். எத்தனையோ வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கங்களில் வராதது அங்கே வந்தது. ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

பதிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்று திரும்பி ஓடத் தொடங்கினேன். ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்காக, உண்மையில் நொண்டல். தண்ணீர்த் தாங்கிக்குக் கிட்டப் பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. மருமகன் கதவைத் திறந்தார். "ஏறுங்க. ஓடினது போதும்" என்றார். கனமூலைக்குப் போகிற வேனுக்கு அந்தப் பாதையில் வேலையே இல்லை. பின்னால் மூட்டைகளுக்கு நடுவே தங்கச்சி உட்கார்ந்திருந்தார்.

கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். ராத்தா வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மா ஊற்றிக்கொண்டிருந்தார். ஆனால் கை வழமைபோல் சுழலவில்லை. தங்கச்சி இறங்கி, பின்னால் நிற்காமல், சாய்ப்பைச் சுற்றி அடுப்புக்கு அந்தப் பக்கம் போய் ராத்தாவுக்கு நேரே குந்தினார். ராத்தா நிமிர்ந்தார். முன்னால் இரண்டு கண்கள் மட்டுந்தான் தெரிந்தன. தங்கச்சி கையை உயர்த்தி, முகத்தை மூடியிருந்த துணியை மேலே தூக்கினார். வீதியோரத்தில், ஆண்கள் நிற்கும் இடத்தில். வேறு எப்படி உதட்டைக் காட்டுவது?

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மற்றவர்களும் திருப்பிக்கொண்டார்கள். மீன்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடலைப் பார்த்தார். அதனால் நடந்ததை நான் பார்க்கவில்லை. கேட்டதைத்தான் சொல்கிறேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா."

ராத்தாவின் பதில் முழு நீளத்துக்கு வந்தது, வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு வரைக்கும். தன் குரலின் அளவு தெரியாதவர் என்பதால், பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

"உம்மா கடைசில என்னக் கேட்டாங்களா?" என்று தங்கச்சி கேட்டார். ஒவ்வொரு சொல்லாக, உதடு தெரியும்படி.

"கேட்டாங்க." ராத்தா அந்தப் பெரிய குரலில் சொன்னார். "சின்னவள் எங்க, சின்னவள் எங்கண்டு மூணு தரம் கேட்டாங்க. குவைத்துல இரிக்காண்டு சொன்னா மனசு உடைஞ்சிடும், இங்க இரிக்காண்டு சொன்னா பொய். நான் வாயத் தொறக்கவே இல்ல. பதில் வராமலே கண்ண மூடிட்டாங்க. உம்மா கேட்டதுக்கு நான் பதில் சொல்லாம உட்டுட்டேன் தங்கச்சி, பதில் சொல்லாம உட்டுட்டேன்."

தங்கச்சியின் குரல், ராத்தாவுக்குக் கேட்காது என்பதையும் மறந்து, மிகவும் சின்னதாக வந்தது.

"இந்தா நிக்கிறேன் ராத்தா. இந்தாதானே நிக்கிறேன்."